மகிழ்ச்சித் தூண்

என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தாயின் தொழில் என்ற இடத்தில் ‘விலங்கியலாளர்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே அது திரும்பி வந்தது. மிருக வைத்தியரா, மிருகங்களுக்குத் தீனி வைப்பவரா, தெளிவாக எழுதவும் என்று வகுப்பாசிரியை சிவப்பு மையில் கேட்டிருந்தார்.

“நிஜமா நீ அங்க என்னதாம்மா பண்றே?” என்றாள் மகள்.

“மிருகத்தைப் பாக்கறேன்.”

“பாத்துட்டு?”

“எழுதறேன்.”

“எழுதிட்டு?”

போய் வீட்டுப்பாடம் எழுது என்று விரட்டிவிட்டேன்.

விலங்கு நல நிலையத்தில் நான் இரண்டாம் நிலை விலங்கியலாளர். மூடிப்போன சர்க்கஸ்களிலிருந்தும் பணக்காரர்களின் பின்தோட்டங்களிலிருந்தும் மீட்டுக்கொண்டு வந்த விலங்குகள் எங்களிடம் நாற்பத்தொன்று இருந்தன. அவற்றின் நலனைக் கவனிக்க அறுபத்து மூன்று பேர் இருந்தோம். இந்த அறுபத்து மூன்றில் விலங்குகளைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்றே பேர்: தீனி வைக்கும் அண்ணன், டாக்டர், நான். மற்ற அறுபது பேரும் நாங்கள் எழுதியதைப் பார்த்தார்கள்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. கரடிக் கூண்டுக்கு எதிரே எனக்கு ஓர் இரும்பு நாற்காலி. கையில் அட்டை, அட்டையில் தாள், தாளில் பதினோரு கட்டம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் மணி அடிக்கும். உடனே நிமிர்ந்து, கரடி அந்த நொடியில் என்ன செய்கிறதோ அதற்குரிய கட்டத்தில் டிக் போட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். ஒருமுறை கரடி மரத்திலிருந்து தொப்பென்று விழுந்தது. நான் ஆர்வக்கோளாறில் பார்த்துத் தொலைத்துவிட்டேன். மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மணி அடித்தபோது அது எழுந்து உட்கார்ந்திருந்தது. ஆகவே, எங்கள் ஆவணங்களின்படி, கரடி விழவில்லை.

கோப்புகளில் அதன் பெயர் க-7. விலங்குக்குப் பெயர் வைத்தால் பாசம் வரும், பாசம் வந்தால் புள்ளிவிவரம் கெடும் என்று ஒரு சுற்றறிக்கையே இருந்தது. தீனி வைக்கும் அண்ணன் சுற்றறிக்கை படிக்கிற ஆள் இல்லை. அவர் அதைச் ‘சோம்பி’ என்றுதான் கூப்பிடுவார். பெயருக்கேற்ற கரடி. தின்னும், வெயில் விழுகிற பாறையில் மல்லாந்து படுக்கும், வெயில் நகர்ந்தால் தானும் நாலு அடி நகர்ந்து படுக்கும். முன்பு சர்க்கஸில் பன்னிரண்டு வருஷம் சைக்கிள் ஓட்டிய கரடி அது. இனி ஒரு வேலையும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருந்தது. அதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்த ஆட்சேபமும் இல்லை.

நிலையத்துக்கு இருந்தது. நூற்றுக்கு இத்தனை என்று ஒவ்வொரு விலங்குக்கும் மகிழ்ச்சி மதிப்பெண் போடுவார்கள். சோம்பிக்கு முப்பத்தொன்று. நாற்பதுக்குக் கீழே போனால் அது துன்புறும் விலங்கு, அதற்குச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும். கொழுகொழுவென்று, ரோமம் மினுமினுக்க, அது வாரம் தவறாமல் டானிக் குடித்தது.

இந்த நேரத்தில்தான் இயக்குநர் மகிழ்ச்சித் தூணைக் கண்டுபிடித்தார். ஒரு கருத்தரங்கில் பசுமாடு ஒன்று தூரிகையில் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும் படத்தைக் காட்டினார்களாம். மாட்டின் முகத்தில் இருந்த நிம்மதி அவரைத் தூங்கவிடவில்லை. சொரசொரப்பான மரப்பட்டை சுற்றிய ஆள் உயரத் தூண் ஒன்றைச் செய்யச் சொன்னார். உள்ளே எண்ணும் கருவி. ஏதாவது வந்து உரசினால் ஒன்று. மறுபடி உரசினால் இரண்டு. தூணின் அடியிலிருந்து ஒயர் ஒன்று தரைக்குள் ஓடி, அலுவலகத்தில் அவர் மேசை மேல் சிவப்பு எண்ணாகத் தெரியும். மகிழ்ச்சி மதிப்பெண்ணில் பெரும்பங்கு இனி இந்த எண்ணுக்குத்தான் என்று ஆணையும் வந்தது. முதல் தூணைச் சோம்பியின் கூண்டில் நட்டார்கள்.

மூன்று மாதம் சோம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருமுறை அதன் மேல் சிறுநீர் கழித்தது. கருவி அதை எண்ணவில்லை. ‘க-7 திட்டத்துக்கு ஒத்துழைக்க மறுக்கிறது, காரணம் கூறவும்’ என்று எனக்குக் கடிதம் வந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, ஆறு என்று காட்டியது. மறுநாள் பதினேழு. அந்த வாரக் கடைசியில் ஐம்பத்திரண்டு. இரண்டே வாரத்தில் நாளொன்றுக்கு நூற்று நாற்பது! சோம்பி காலையில் எழுந்ததும் தூணுக்கு வரும், முகத்தை வைத்துத் தேய்க்கும், ஒரு சுற்று நடக்கும், மறுபடி வந்து தேய்க்கும். மதிப்பெண் தொண்ணூற்று நான்கு. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஏணிப்படி போல ஏறிக்கொண்டே போகும் வரைபடம் ஒன்று வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டது. அந்த வரைபடத்தை வரைந்தது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதையைச் சொல்லிக்கொண்டு போகிற வேகத்தில், எல்லாம் வேறு யாரோ செய்தது போலப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அதில் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டினேன். “கரடி சந்தோஷமா இருந்தா கட்டையில தேய்ச்சுக்கும், அதை அம்மா எண்ணுவேன்” என்று மகளுக்கு விளக்கினேன். கடைசியில் என் தொழில் என்னவென்று அவளுக்குப் புரிந்தது.

தீனி வைக்கும் அண்ணன்தான் முதலில் வந்து சொன்னார்.

“மேடம், சோம்பி கேரட்டை வாயில போட்டு அப்படியே துப்பிடுது. ஊறவெச்ச ரொட்டியை மட்டும் முழுங்குது. பல்லுல ஏதோ கோளாறு.”

“நாமளா அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுண்ணா. ‘உணவைத் தேர்ந்தெடுத்து உண்கிறது’ன்னு எழுதணும். அதுக்கு நாலு மார்க் இருக்கு.”

“நாலு மார்க்கா?” அவர் வாளியைக் கை மாற்றிக்கொண்டார். “அப்ப வலிச்சா எத்தனை மார்க்?”

“அதுக்குக் கட்டம் இல்லண்ணா.”

அவர் வாளியோடு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார். அன்று தாளில் உணவுக்கு எதிரே நாலு மார்க் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. பல் டாக்டரிடம் போவதென்றால் அவருக்கு உயிர் போய்விடும். அதற்குப் பதில் பல்லே உயிரை எடுக்கட்டும் என்று வீட்டுக்குள் உலாத்திக்கொண்டிருந்தார். ஃபிரிட்ஜ் கதவில் கன்னத்தை வைத்து அழுத்தினார். பீரோவில் அழுத்தினார். ஓடுகிற வாஷிங் மெஷினைக் கட்டிக்கொண்டு அதன் மேல் கன்னத்தை வைத்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையில் கழற்ற மறந்த கடிகாரம் மணி அடித்தது. பழக்கதோஷம், நிமிர்ந்து பார்த்தேன். அவர் கதவு நிலையில் முகத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று நடந்தார். மறுபடி வந்து தேய்த்தார். இடது தாடையை மட்டும்.

மகள் ஃபிரிட்ஜில் இருந்த வரைபடத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்பா சந்தோஷமா இருக்காராம்மா?” என்றாள்.

அரிப்புக்கோ சுகத்துக்கோ உரசுகிற விலங்கு முதுகைக் கொடுக்கும், பின்புறத்தைக் கொடுக்கும், ஒரு பக்கம் முடிந்ததும் மறு பக்கத்தையும் கொடுக்கும். கல்லூரியில் முதல் வருஷப் பாடம் இது. சோம்பி முதுகைக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. தினமும் நூற்று நாற்பது முறை இடது தாடையைத்தான் கொடுத்தது. கருவிக்குப் பக்கம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். எனக்குப் பக்கம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்காகக் காத்திருக்காமல் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. வீக்கத்தின் நடுவில் ரோமம் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. அந்த இடத்தில் ஒரு சிறிய ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ஈ. சோம்பி வெயிலில் படுக்கவில்லை. அது வெயிலில் படுத்து எத்தனை நாளாயிற்று என்று என் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு நாள். ‘சுறுசுறுப்பு’ என்ற கட்டத்தில் அத்தனைக்கும் டிக் இருந்தது.

“அண்ணா, அதுக்குப் பல் வலி” என்றேன்.

“அதைத்தானே மேடம் நான் மூணு வாரமா சொல்றேன்?”

“எங்க வீட்டுக்காரருக்கும் நேத்து வலி. அவரைப் பாத்தப்பதான் தெரிஞ்சுது.”

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தானே தெரியும்” என்றார். பிறகு, நான் முகம் சுண்டியதைப் பார்த்து, “சரி விடுங்க, இப்பவாவது தெரிஞ்சுதே. டாக்டர்கிட்ட போங்க” என்றார்.

டாக்டரின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது மதிப்பெண்ணை.

“தொண்ணூத்தி நாலு, டாக்டர்.”

“அப்ப நான் அந்தப் பக்கமே போக முடியாதும்மா. நாப்பதுக்குக் கீழன்னு படிவம் வந்தாத்தான் மயக்க மருந்து அலமாரியைத் தெறப்பாங்க. தொண்ணூத்தி நாலு எடுத்த மிருகத்துக்கு ஊசி போட்டா அதுக்குப் பேரு துன்புறுத்தல். போன வருஷம் ஒரு ஒட்டகத்துக்குச் சீழ்க்கட்டியைக் கீறி எடுத்தேன். கட்டி ஆறிப்போச்சு, ஒட்டகம் நல்லாயிடுச்சு. ஆனா அது எழுபது மார்க் ஒட்டகம். ஆறு மாசம் என்னை வீட்ல உக்கார வெச்சாங்க.”

“இப்படியே விட்டா என்ன ஆகும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வேர்ல இருக்கற சீழ் ஏற்கெனவே வெளிய வழி பண்ணிடுச்சுன்னு சொல்றீங்க. ரத்தத்துல கலந்துடுச்சுன்னா அப்புறம் நான் வந்தும் பிரயோஜனம் இல்ல. மூணு வாரம் தாங்கும். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. எப்படியாவது மார்க்கைக் குறைச்சுட்டு வாங்க.”

அவர் மேசைக்கு அடியில் ஒரு பை இருந்தது. ஜிப் மூடாமல் இருந்ததால் உள்ளே இருந்த பெரிய குறட்டின் கைப்பிடி தெரிந்தது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, காலால் பையை உள்ளே தள்ளினார்.

மார்க்கைக் குறைக்க வேண்டுமானால் வலிக்கு ஒரு கட்டம் வேண்டும். கட்டம் வேண்டுமானால் அந்தச் சொல் நிலையத்தின் நடத்தை அகராதியில் இருக்க வேண்டும். இரண்டாவது மாடியில் அகராதிப் பிரிவுத் தலைவி இருந்தார். இருபது வருஷமாக விலங்கு நடத்தைகளுக்குச் சொற்களை முடிவு செய்பவர். அவர் அறையில் ஜன்னல் கூண்டுகளின் பக்கம் இருந்தது. கோப்பு அலமாரியை அதன் குறுக்கே போட்டு மறைத்திருந்தார்கள்.

“‘வலி’யா?” அவர் பக்கங்களைப் புரட்டினார். “அப்படி ஒரு சொல்லே நம்மகிட்ட இல்லையே. கரடி உங்ககிட்ட வந்து வலிக்குதுன்னு சொல்லுச்சா?”

“இல்லைங்க. பல்லுல…”

“பல் இருக்கு. எழுபத்தி நாலாம் பக்கம். பல்லைக் காட்டுதல். அது சமூக உறவுல வரும்.”

“வீங்கியிருக்குங்க. சீழ் வடியுது.”

“அது உடம்பு. நான் நடத்தையை மட்டும்தான் பாக்கறேன்.” பிறகு என் மேல் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கு வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ‘மிகை மகிழ்ச்சி’ன்னு ஒரு சொல் பரிசீலனையில இருக்கு. அளவுக்கு மீறி சந்தோஷமா இருக்குன்னு எழுதிக் குடுங்க, நான் சிபாரிசு பண்றேன்.”

“எனக்கு ‘வலி’தாங்க வேணும்.”

“அப்ப புதுச்சொல் விண்ணப்பம் போடுங்க. மூணு நிபுணர் கையெழுத்து. அந்த இனத்தைச் சேர்ந்த ஒருத்தரோட ஒப்புதல்.”

“அந்த இனம்னா… கரடியா?”

“அவங்க இல்லாம அவங்களைப் பத்தி முடிவெடுக்கறது தப்பில்லையா? கைநாட்டு போதும். குழு நாலு மாசம் கழிச்சுக் கூடும்.”

நான் விண்ணப்பம் போட்டேன். இயக்குநருக்கு ஐந்து கடிதம் எழுதினேன். கரடியாய்க் கத்தினாலும் காதில் விழாது என்பார்கள், அதைக் கரடியின் பொருட்டே அனுபவித்தேன். ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது: க-7 தொடர்பாகத் தாங்கள் காட்டும் ஈடுபாடு பாராட்டுக்குரியது. சோம்பி கத்தவில்லை. அது தேய்த்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது.

பன்னிரண்டாம் நாள் விழா வைத்தார்கள். ஆண்டின் மகிழ்ச்சியான விலங்கு என்ற விருது க-7க்கு. கூண்டுக்கு எதிரே மேடை, நாற்காலிகள், ஒலிபெருக்கி. வரைபடத்தைத் துணியில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். இயக்குநர் வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “எதும்மா, அந்தப் பெருசா இருக்கறதா?” என்று என் காதில் கேட்டார். கூண்டில் ஒரே ஒரு கரடிதான் இருந்தது.

மேடையேறிப் பேசினார்.

“நண்பர்களே, இந்தக் கரடியை நான் இன்றுதான் முதல் முறையாக நேரில் பார்க்கிறேன். அதனால்தான் என்னால் பாரபட்சமில்லாமல் பேச முடிகிறது. அன்பு என்பது விலங்கியலின் முதல் எதிரி. அந்தக் காலத்து விலங்கியலாளர்கள் காட்டுக்குப் போனார்கள், சேற்றில் படுத்தார்கள், விலங்குகளோடு வாழ்ந்தார்கள். விளைவு என்ன? அவர்களால் விலங்கைப் பற்றித்தான் எழுத முடிந்தது, விலங்கின் நலனைப் பற்றி எழுத முடியவில்லை. நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. நான்கு சுவருக்குள் உட்கார்ந்து, ஒரு ரோமம்கூட நம் மேல் படாமல், நாற்பத்தொரு உயிர்களின் மகிழ்ச்சியை அளக்கிறோம். சிலர் என்னிடம் வலி, வலி என்கிறார்கள். வலி என்பது ஒரு கருத்து. உராய்வு என்பது ஓர் உண்மை. இந்த நிலையத்தில் வலியே இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனென்றால் அதற்கு நாங்கள் இடமே ஒதுக்கவில்லை!”

கைதட்டல் எழுந்தது. சத்தத்தில் சோம்பி மிரண்டு தூணுக்குப் போய்த் தாடையை அழுத்தியது. சிவப்பு எண் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பெரிய திரையில் காட்டினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மறுபடி கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு விருந்தாளி, தூணில் ஏன் அந்த இடம் மட்டும் சிவப்பாக இருக்கிறது என்று கேட்டார். பழச்சாறு என்று பதில் சொன்னார்கள். தாளிலும் அப்படியே எழுதச் சொன்னார்கள். நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் கைகள் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

எல்லோரும் போன பிறகு தீனி வைக்கும் அண்ணன் நாற்காலிகளை அடுக்க வந்தார்.

“மேடம், அந்தக் கட்டைக்கு அடியில ஒரு ஒயர் போகுதில்ல? அதை எலி கடிச்சுட்டா என்ன ஆகும்?”

“எண்ணிக்கை பூஜ்யம் ஆயிடும். மார்க் விழுந்துடும்.” சொன்ன பிறகுதான் புரிந்தது. “இங்க எலி எங்கண்ணா இருக்கு?”

“இருக்கு” என்றார். “நாப்பத்தெட்டு வயசு எலி.”

கூண்டைக் கழுவும்போது சோம்பியை உள்ளறையில் அடைப்பது வழக்கம். மறுநாள் காலை கழுவி முடித்தபோது எலி தன் வேலையைச் செய்திருந்தது. நாள் முழுவதும் சோம்பி தூணில் தேய்த்தது, இயக்குநர் மேசையில் பூஜ்யம் எரிந்தது. அதற்கு அடுத்த நாள் மதிப்பெண் இருபத்திரண்டு. இருபது வருஷம் உண்மையை மட்டும் எழுதியவள் நான். அந்த ஒரு பொய்யான எண்தான் சோம்பியைப் பற்றி நாங்கள் எழுதிய முதல் உண்மை.

அரை மணி நேரத்தில் டாக்டர் பையோடு வந்துவிட்டார். “இருபத்தி ரெண்டா? ஐயோ பாவம், என்ன கஷ்டமோ!” என்று அலுவலகம் முழுவதும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

சோம்பி மயங்கியதும் வாயைத் திறந்தோம். அந்த நாற்றத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. பல் என் பெருவிரல் நீளம் இருந்தது, வேர் கறுத்து அழுகியிருந்தது. சைக்கிள் ஓட்டிய காலத்தில் எப்போதோ உடைந்த பல் என்றார் டாக்டர். தீனி வைக்கும் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் விலாவில் கை வைத்து மூச்சை எண்ணினேன். எண் குறைந்தபோதெல்லாம் சொன்னேன், டாக்டர் கையை நிறுத்தினார், எண் ஏறியதும் தொடர்ந்தார். நான் எண்ணியது ஓர் உயிருக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

பத்து நாளில் கேரட் கடிபடும் சத்தம் என் நாற்காலி வரை கேட்டது. சோம்பி பாறைக்குத் திரும்பிவிட்டது. மல்லாந்து படுத்தது. வெயில் நகர்ந்தால் நகர்ந்தது. ஒயரை மாற்றிவிட்டுப் போனார்கள், எலிக்குப் பொறியும் வைத்தார்கள். தூண் ஒழுங்காக எண்ணியது. பூஜ்யம். ஒன்று. பூஜ்யம்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

“தொண்ணூத்தி நாலுல இருந்த உயிரு” என்றார் இயக்குநர். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “நீங்க கை வெச்சதுக்கப்புறம் இருபத்தி ஏழு. உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?”

“சார், அது நல்லா சாப்பிடுது. நல்லா தூங்குது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். மந்தமாயிடுச்சு. வாழ்க்கையில பிடிப்பே போயிடுச்சு.”

எடுத்த பல்லைத் திரும்ப வைக்க வழியுண்டா என்று அகராதிப் பிரிவுத் தலைவி கேட்டார். வழியில்லை என்றதும் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். கடைசியில் தீர்ப்பு வந்தது. பத்து நாளில் க-7 தேறாவிட்டால் அதைத் தீவிர மகிழ்ச்சிப் பிரிவுக்கு மாற்றுவது. அது என்ன பிரிவு என்று கட்டட வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். ஜன்னல் இல்லாத சிமெண்ட் அறை. நான்கு பக்கமும் நான்கு தூண்கள், நடுவில் கரடி நிற்க மட்டும் இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் உரசும்.

திரும்பி வந்து தீனி வைக்கும் அண்ணனிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலை சோம்பியை உள்ளறையில் அடைத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி வாளி மேல் போட்டார். தூணில் முதுகை வைத்து ஒரு தேய் தேய்த்தார். அலுவலகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

“எழுபது நான், எழுபது நீங்க” என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான் எங்கள் வேலை. மூன்றாம் நாள் மதிப்பெண் எண்பதைத் தாண்டியது. ஏழாம் நாள் தொண்ணூற்று மூன்று. க-7 மீண்டெழுந்தது என்று சுற்றறிக்கை வந்தது, சிமெண்ட் அறை தள்ளிவைக்கப்பட்டது. என் தோள்பட்டை வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்த வீட்டுக்காரர் தைலம் தேய்த்துக்கொண்டே, “என்னதாம்மா பண்றே நீ அங்க?” என்றார். என் வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள். யாருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

நாங்கள் தேய்க்கும்போது சோம்பி உள்ளறைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அல்ல, முழு நேரமும். ஒருநாள் வலி தாங்காமல் நான் பாதியில் நின்றபோது அது எழுந்து கம்பியருகே வந்து, தலையைச் சாய்த்து என் தோளையே பார்த்தது. எங்கள் நிலையத்தில் முறையாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

திட்டம் இவ்வளவு வெற்றி பெற்ற பிறகு சும்மா இருப்பார்களா? மீதி நாற்பது கூண்டுகளிலும் தூண் நட உத்தரவு வந்தது.

“நமக்கு இருக்கறது ரெண்டே முதுகு, மேடம்” என்றார் அண்ணன்.

நட்டு முடித்த முதல் நாள் சாயங்காலம் எண்கள் வந்தன. ஒட்டகம் பூஜ்யம். முள்ளம்பன்றி பூஜ்யம். குரங்கு நான்கு. நரி அறுபத்திரண்டு. அலுவலகத்தில் யாரோ விசிலடித்தார்கள். கேக் வாங்கி வர ஆள் ஓடினார். நான் மாடிப்படியில் இறங்கி, வாளி கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் போனேன்.

“அண்ணா, நரிக் கூண்டுக்குப் போனீங்களா இன்னிக்கு?”

“இல்லையே. நீங்கதான் தேய்ச்சீங்கன்னு நினைச்சேன்.”

“நான் போகலை.”

கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். அட்டையையும் தாளையும் படியிலேயே வைத்துவிட்டு நரிக் கூண்டுக்கு நடந்தேன். பின்னால் அலுவலகத்தில் கைதட்டும் சத்தம் கேட்டது. நரி புதருக்குள்ளிருந்து வந்து, தூணில் காதோரம் வைத்துத் தேய்த்தது. ஒரு சுற்றுப் போனது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கத்தையும் காட்டிவிடு, மறு பக்கத்தையும் காட்டிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அண்ணன் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றார். “எந்தப் பக்கம் மேடம்?”

“வலது.”

நரி மறுபடி வந்தது. தூணில் தலையை வைத்தது.

“இப்ப?”

“வலதுதாண்ணா.”

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று குனிந்து தேட ஆரம்பித்தார்.